லண்டன் வீட்டு லாஃப்டை அறையாக மாற்றுவது: செலவு, அனுமதி, படிக்கட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் லாஃப்ட் என்றால் சமையலறைச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்ட் பலகை. பித்தளை அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டி, யாரும் தொடாத பழைய மிக்சி எல்லாம் அதில் கிடக்கும். லண்டனில் அது ஓட்டுக் கூரைக்கும் மேல்தளத்து சீலிங்குக்கும் நடுவே இருக்கும் முக்கோண இருட்டு. லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய எங்கள் செமி வீட்டில் (ஒரு பக்கச் சுவர் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது) அந்த இருட்டை ஒரு படுக்கையறையும் சின்னக் குளியலறையுமாக மாற்றினோம். அதிலிருந்து சனிக்கிழமை ஆனால் போதும், யாராவது போன் செய்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். விதிகள் இங்கிலாந்துக்கானவை, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கணக்கு வேறு. விலைகள் லண்டனில் எங்கள் வட்டத்தில் அண்மைய வருடங்களில் வந்த கொட்டேஷன்களை வைத்துச் சொல்வது, உங்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எங்கள் வீட்டு லாஃப்ட் இதற்குத் தோதுப்படுமா? யாரைக் கூப்பிட்டுப் பார்ப்பது?

முதலில் யாரையும் கூப்பிட வேண்டாம். ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள். காலடியில் இருக்கும் சீலிங் மரச்சட்டத்தின் மேல்முனையிலிருந்து கூரை முகட்டு மரத்தின் அடிப்பக்கம் வரை செங்குத்தாக அளந்து பாருங்கள். 2.2 மீட்டருக்குக் கீழே என்றால் அந்த ஆசையைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். 2.4, 2.5 வந்தால் நல்ல சகுனம். ஏன் இவ்வளவு வேண்டும் என்றால், புதுத் தரை போடும்போது கீழேயிருந்து கொஞ்சம் உயரம் போகும், கூரைக்கு அடியில் வெப்பக்காப்புப் பலகை வைக்கும்போது மேலேயிருந்து கொஞ்சம் போகும். இரண்டும் சேர்ந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தின்றுவிடும். எங்கள் வீட்டில் 2.46 இருந்தது. வேலை முடிந்தபோது நடு அறையில் 2.15. எனக்குப் போதும், ஆறடி தாண்டிய மைத்துனர் மட்டும் வாசலில் இன்னும் குனிந்துதான் வருகிறார், பழக்கதோஷம்.

அறைக்குக் குறைந்தபட்ச உயரம் இவ்வளவு என்று விதி ஒன்றும் இல்லை. படிக்கட்டுக்கு மேலே இருக்கும் உயரத்துக்குத்தான் விதி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மேலே ஏறிப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மரச்சட்டங்கள். பரவாயில்லையா?

அது டிரஸ் கூரை. 1960களின் நடுவிலிருந்து இங்கே பரவலாக வந்த முறை. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வரிசையாக நிறுத்திவிடுவார்கள். அந்த மெல்லிய சட்டங்கள் ஒவ்வொன்றும் கூரையைத் தாங்குகிறது, இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒன்றைக்கூட நீங்களாக அறுத்துவிடாதீர்கள். மாற்ற முடியும், ஆனால் இரும்பு உத்தரம் போட்டு முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றிய பிறகுதான் அவற்றை எடுக்கலாம். செலவு கூடும். அதற்கு முந்தைய வீடுகளில் பெரும்பாலும் தச்சர் அங்கேயே அறுத்துப் பொருத்திய கைமரங்கள் இருக்கும், நடுவே இடம் காலியாக இருக்கும், வேலை சுலபம்.

பிளைவுட் போட்டு, கார்ப்பெட் விரித்து, ஒரு மெத்தையைப் போட்டால் ஆகாதா?

ஆகாது. பழைய வீட்டு சீலிங் சட்டம் பெரும்பாலும் 4 அங்குலத்துக்கு 2 அங்குலம். அதன் வேலை கீழே இருக்கும் சீலிங்கைப் பிடித்துக்கொள்வதும் மேலே நாலு சூட்கேஸைத் தாங்குவதும்தான்: சதுர மீட்டருக்கு 25 கிலோ என்பது பொறியாளர்கள் வைக்கும் கணக்கு. ஆள் வசிக்கும் தரைக்கு அதே சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்க வேண்டும். ஆறு மடங்கு. அதனால்தான் பழைய சட்டங்களுக்கு நடுவே 8 அங்குல உயரச் சட்டங்களைப் புதிதாக இறக்கி, அவற்றை இரும்பு உத்தரத்தில் உட்கார வைக்கிறார்கள். புதுச் சட்டம் கீழ்ச் சீலிங்கைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் நிற்கும்.

சரி, மொத்தம் எவ்வளவு ஆகும்?

கூரையின் உருவத்தைத் தொடாமல் ஜன்னல் மட்டும் வைத்து, தரையும் படியும் போட்டால் 30 ஆயிரத்திலிருந்து 45 ஆயிரம் பவுண்டு. பின்பக்கம் கூரையை வெட்டிப் பெட்டி மாதிரி வெளியே தள்ளும் டார்மர் என்றால் 55இலிருந்து 75 ஆயிரம். எங்கள் மாதிரி செமி வீடுகளில் பக்கவாட்டிலும் கூரை சரிந்து இறங்கும், அந்தச் சரிவை நிமிர்த்திச் சுவராக்கிவிட்டு டார்மரும் வைப்பார்கள், 65இலிருந்து 85 ஆயிரம். ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் இருக்கும் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் பின்கட்டுக்கு மேலேயும் சேர்த்து எல் வடிவில் கட்டலாம், இரண்டு அறை கிடைக்கும், 70இலிருந்து 95 ஆயிரம். எல்லாம் வாட் என்ற விற்பனை வரி சேர்த்து.

அந்த வாட்டை நன்றாகக் கவனியுங்கள். எங்களுக்கு முதலில் வந்த கொட்டேஷன் 52 ஆயிரம். அடடா, மலிவாக இருக்கிறதே என்று இரண்டு நாள் வீட்டில் பேச்சே அதுதான். மூன்றாம் நாள் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை என் மகள்தான் படித்துச் சொன்னாள்: வாட் தனி. 20 சதவீதம் சேர்த்தால் 62,400. குளியலறைச் சாமான், டைல்ஸ், பெயிண்ட், கார்ப்பெட் எதுவும் அதில் இல்லை. கீழ்த்தளக் கதவுகளும் இல்லை. அந்தக் கதவுகள் ஏன் முக்கியம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கட்டுபவருக்குக் கொடுப்பது போக வேறு என்ன செலவு?

வரைபடம் போடுபவருக்கு 1,000இலிருந்து 2,500 வரை, உத்தரக் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு 600இலிருந்து 1,200, வேலை விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் பில்டிங் கண்ட்ரோலுக்குக் கட்டணம் கிட்டத்தட்ட அதே அளவு. பொதுச் சுவர் விஷயத்தில் அண்டை வீட்டார் சர்வேயர் கேட்டால் (பின்னால் சொல்கிறேன்) ஆயிரம் தாண்டும். பாய்லர் மாற்ற வேண்டியிருந்தால் மூவாயிரம் வரை ஒதுக்குங்கள். பத்து சதவீதம் கையில் வைத்துக்கொள்ளாமல் ஆரம்பிக்காதீர்கள், பழைய கூரையைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகுதான் தெரியும். எங்களுக்கு அஸ்பெஸ்டாஸில் செய்த பழைய தண்ணீர்த் தொட்டி இருந்தது. 1999இல் முழுத் தடை வருவதற்கு முன்பு கட்டிய வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் எங்காவது இருக்கலாம். அதை எடுக்க வேறு ஆள், வேறு காசு.

பிளானிங் பெர்மிஷன் வாங்க வேண்டுமா?

நிறைய வீடுகளுக்கு வேண்டாம். பெர்மிட்டட் டெவலப்மெண்ட் என்று ஒரு சலுகை இருக்கிறது, அதற்குள் அடங்கினால் போதும். வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர், செமிக்கும் தனி வீட்டுக்கும் 50 கன மீட்டர் வரை கூரையைப் பெரிதாக்கலாம். முன்பு யாராவது கூட்டியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும், முந்தைய உரிமையாளர் செய்ததாக இருந்தாலும் சரி. தெருவைப் பார்த்த முன்பக்கச் சரிவைத் தாண்டி டார்மர் வரக்கூடாது, பழைய முகட்டை விட உயரக்கூடாது, பின்பக்கம் கூரை விளிம்பிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலில் மங்கல் கண்ணாடிதான், தரையிலிருந்து 1.7 மீட்டர் வரை திறக்கவும் கூடாது. பால்கனி கிடையாது. ஓடு, செங்கல் எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

பழைய தோற்றத்தைக் காக்கக் கவுன்சில் அறிவித்த கன்சர்வேஷன் ஏரியாவில் இருந்தால் டார்மருக்கு இந்தச் சலுகை இல்லை, விண்ணப்பித்துத்தான் ஆக வேண்டும். சலுகைக்குள் வந்தாலும், இந்த வேலைக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று உறுதி செய்யும் லாஃபுல் டெவலப்மெண்ட் சர்டிபிகேட்டைக் கவுன்சிலிடம் வாங்கி வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பிளானிங் கட்டணத்தில் பாதிதான். பின்னாளில் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்கும் காகிதங்களில் அது ஒன்று.

பிளானிங் வேண்டாம் என்றால் கவுன்சில் தொல்லையே இல்லை, அப்படித்தானே?

இந்தக் குழப்பத்தில்தான் நம் ஆட்கள் நிறைய மாட்டுகிறார்கள். பிளானிங் என்பது வெளித்தோற்றம் பற்றியது. பில்டிங் ரெகுலேஷன்ஸ் என்பது உள்ளே படுத்திருப்பவர் உயிரோடு எழுந்து வருவாரா என்பது பற்றியது. முதலாவதற்கு விலக்கு உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. லாஃப்டை வசிக்கும் அறையாக்கினால் கண்டிப்பாக அனுமதி வேண்டும். கவுன்சிலின் பில்டிங் கண்ட்ரோல் வரலாம், பதிவு பெற்ற தனியாரும் வரலாம். இடையிடையே வந்து உத்தரம், தரை, வெப்பக்காப்பு எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் பார்ப்பார்கள், கடைசியில் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் தருவார்கள். அது இல்லாத அறையை வீட்டுத் தரகர்கள் பெட்ரூம் என்று எழுதத் தயங்குவார்கள், 'லாஃப்ட் ரூம்' என்று நழுவிவிடுவார்கள். விளம்பரங்களில் அந்த வார்த்தையைப் பார்த்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

படிக்கட்டை எங்கே வைப்பது? மடக்கு ஏணி போதாதா?

மடக்கு ஏணி போதாது, நிலையான படி வேண்டும். நல்ல இடம், இப்போது இருக்கும் படிக்கட்டுக்கு நேர் மேலே. அங்கே முடியாவிட்டால் மேல்தளத்தில் ஒரு அறையின் மூலை போய்விடும். ஒரு அறை வேண்டும் என்று எழுபதாயிரம் செலவழித்துவிட்டு, இருந்த சின்ன அறையைப் படிக்கட்டுக்குத் தாரை வார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டிக் கழித்தால் அதே மூன்று படுக்கையறைதான்.

படியின் சரிவு 42 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொரு படியும் 22 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. படியில் ஏறும்போது தலைக்கு மேலே 2 மீட்டர் இருக்க வேண்டும். லாஃப்டுக்கு மட்டும் சலுகையாக நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 வரை ஒத்துக்கொள்வார்கள். ஆகவே படியின் தலைமாடு கூரை உயரமாக இருக்கும் பக்கம் வந்தாக வேண்டும். நல்ல வரைபடக்காரர் முதலில் படியைப் போட்டுவிட்டு மிச்சத்தில் அறையைப் போடுவார். அறையை அழகாகப் போட்டுக் காட்டிவிட்டு 'படியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

தீக்கதவு என்று ஏதோ சொல்கிறார்களே, அது எதற்கு? மேல் அறைக்கு ஒன்று போட்டால் போதுமா?

போதாது. எனக்கு வரும் போன்களில் சண்டையாக முடிவது இந்தக் கேள்விதான்.

இரண்டு தள வீட்டில் தீப்பிடித்தால் மாடி ஜன்னல் வழியாகக்கூட இறங்கிவிடலாம் என்று விதி எடுத்துக்கொள்கிறது. லாஃப்ட் வந்தால் வீடு மூன்று தளமாகிறது, அந்த உயரத்திலிருந்து குதிக்க முடியாது. அதனால் மேலேயிருந்து வாசல் கதவு வரை படிக்கட்டு முழுவதும் அரை மணி நேரம் தீ புகாத வழியாக இருக்க வேண்டும். அதாவது படிக்கட்டைப் பார்த்துத் திறக்கும் எல்லா அறைக் கதவுகளும், கீழே ஹால், சமையலறை, மேலே படுக்கையறைகள் எல்லாம், தீக்கதவாக மாற வேண்டும். குளியலறைக்கு விலக்கு. எங்கள் வீட்டில் ஆறு கதவு. ஒவ்வொரு தளத்திலும் மின்சாரத்தில் ஓடும், ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும் புகை அலாரம் வேண்டும். சமையலறைக்குள் புகை அலாரம் வைத்துவிடாதீர்கள், வெப்ப அலாரம் வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் கடுகு தாளிக்கும் ஒவ்வொரு முறையும் மேலே தூங்குகிறவர் எழுந்து ஓடி வருவார்.

இதில் பெரிய சிக்கல், கீழே ஹாலுக்கும் படிக்கட்டு இறங்கும் வாசல் நடைக்கும் நடுவே இருந்த சுவரை முன்பே இடித்துவிட்ட வீடுகள். விசாலமாக இருக்கட்டும் என்று இடித்திருப்போம். இப்போது படிக்கட்டு நேராக ஹாலுக்குள் இறங்கும், ஹாலில் தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியே தீக்குள் போகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு மேலே அறை கட்ட முடியாது. சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும், அல்லது தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு வைத்து பில்டிங் கண்ட்ரோல் இன்ஸ்பெக்டரை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும், அதற்கே சில ஆயிரம் பவுண்டு. மேலே ஒரு அறை கட்டப்போய், கீழே ஆசையாக இடித்த சுவரை மறுபடி எழுப்பும் அந்த வேதனையை என் நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். அவர் மனைவி மூன்று வாரம் பில்டரிடம் பேசவில்லை.

கடைசிப் பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? கதவைச் சாத்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு பவுண்டு நாணயத்தை எடுத்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடுக்கில் மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். இடுக்கு 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், நாணயத்தின் கனம் 2.8. பிடித்தும் பிடிக்காமலும் நகர்ந்தால் சரி. ஆறாவது கதவில் கீல் பக்கம் நாணயம் பொத்தென்று உள்ளே விழுந்தது. சமையலறைக் கதவு அது. தச்சர் வந்து திரும்ப மாட்டியதற்கு ஒரு வாரம், சான்றிதழுக்கு இன்னும் ஒரு வாரம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டுமா?

இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் உத்தரத்தை ஏற்றுவதாக இருந்தால், 1996ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி வேலை தொடங்க இரண்டு மாதத்துக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் 14 நாளில் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் செலவில்லை. மறுத்தாலோ, பதிலே சொல்லாமல் இருந்தாலோ, தகராறு என்றே கணக்கு. சர்வேயர் வருவார், அவர் சம்பளம் பொதுவாக உங்கள் தலையில். ஆகவே நோட்டீஸைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் நேரில் போய்ப் பேசுங்கள். நாங்கள் ஒரு டப்பா முறுக்கோடு போனோம். எங்கள் பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டி முறுக்கை வாங்கிக்கொண்டு, படுக்கையறைச் சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலைக் காட்டி, இதை முதலில் போட்டோ எடுத்துக்கொள் என்றார். விவரமான அம்மா. இரண்டு பக்கத்துக்கும் அதுதான் பாதுகாப்பு.

நாங்கள் இருப்பது மேல்தள ஃபிளாட். லாஃப்ட் எங்களுடையதுதானே?

ஃபிளாட்டின் குத்தகைப் பத்திரமான லீஸைப் படியுங்கள். மேலே ஏறும் மூடி உங்கள் ஃபிளாட்டுக்குள் இருப்பதால் மட்டும் லாஃப்ட் உங்களுடையது ஆகிவிடாது, பல இடங்களில் அது கட்டடமும் நிலமும் சொந்தமான ஃப்ரீஹோல்டரின் சொத்து. அவரிடம் விலை பேசி வாங்க வேண்டும். ஃபிளாட்டுக்கு மேலே சொன்ன பெர்மிட்டட் டெவலப்மெண்ட் சலுகையும் கிடையாது.

குளியலறை வைக்கலாமா?

வைக்கலாம், வைப்பதும் நல்லது, நடுராத்திரியில் செங்குத்துப் படியில் இறங்க யாருக்கும் பிடிக்காது. ஆனால் கழிவுக் குழாய் எங்கே இறங்குகிறதோ அதற்குப் பக்கத்தில் வையுங்கள். தூரமாக வைத்து மோட்டார் போட்டுத் தள்ளும் டாய்லெட் வாங்கினால் ஒவ்வொரு முறையும் மிக்சியில் சட்னி அரைக்கிற சத்தம் கேட்கும். மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் காம்பி பாய்லர் வைப்பதுதான் வழக்கம், ஆனால் இரண்டு ஷவர் ஒரே நேரத்தில் ஓடினால் சின்னக் காம்பி திணறும். தெரு மெயினில் தண்ணீர் அழுத்தம் எவ்வளவு என்று முன்பே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மேலே குளிருமா, வேகுமா?

ஒழுங்காக வெப்பக்காப்பு வைத்தால் குளிராது, கீழ்த்தளத்தின் சூடே மேலே வந்துவிடும். வெயில்தான் பிரச்சினை. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷரில் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானதே, அன்று எங்கள் லாஃப்டில் உட்கார முடியவில்லை. சென்னைக்காரனுக்கு 40 டிகிரி புதிதா என்று கேட்பீர்கள். அங்கே மின்விசிறி இருந்தது. இங்கே உயரம் இல்லாததால் சீலிங் ஃபேனும் மாட்ட முடியாது. எதிரெதிரே திறக்கும் ஜன்னல்கள் வையுங்கள், கூரை ஜன்னலுக்கு வெளிப்பக்கத் திரை போடுங்கள். உள்பக்கத் திரை வெயிலை உள்ளே விட்ட பிறகுதான் மறைக்கிறது. கைமரங்களுக்கு நடுவே பலகை வைக்கும்போது, கூரைக்கு அடியில் பழைய தார்ச்சீட்டு இருந்தால் 5 சென்டிமீட்டர் காற்றோட்ட இடைவெளி விட வேண்டும். அதை அடைத்துவிட்டால் நாலைந்து குளிர்காலத்தில் மரம் ஈரம் பூத்துவிடும். மலிவாக இருக்கிறதென்று நுரையைப் பீய்ச்சிவிடாதீர்கள், அதைப் பார்த்தால் மார்ட்கேஜ் தர முகம் சுளிக்கும் வங்கிகள் நிறைய.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் மேலே தங்க வைக்கலாமா?

அவர்களுக்குக் கீழ் அறையைக் கொடுத்துவிட்டு நீங்கள் மேலே போங்கள். 42 டிகிரி படியை எழுபது வயது முழங்காலோடு தினம் நாலு தடவை ஏற முடியாது.

வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்கலாமா?

இருக்கலாம். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் ஆறு வாரம் ஆட்கள் வெளியே சாரம் கட்டி அதன் வழியாகவே ஏறி இறங்குவார்கள், உங்களுக்குச் சத்தம் மட்டும்தான். படிக்கட்டுக்குச் சீலிங்கைத் திறக்கும் நாளில்தான் நூறு வருஷத்துத் தூசி மொத்தமும் கீழே வரும். அந்த வாரம் அரிசி டப்பாவைக்கூட டேப் ஒட்டி மூடினோம்.

லாஃப்டில் வௌவால் இருக்கிறது. விரட்டிவிடலாமா?

கூடாது, அவை 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. நிபுணரைக் கூப்பிட்டு, தேவையானால் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்திடம் உரிமம் வாங்கிய பிறகே வேலை.

பில்டருக்கு எப்படிப் பணம் கொடுப்பது?

முன்பணமாகப் பாதியைக் கேட்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். உத்தரம் ஏறியதும் இவ்வளவு, கூரை மூடியதும் இவ்வளவு என்று கட்டம் கட்டமாக எழுதி வாங்குங்கள். கடைசி ஐந்து சதவீதத்தை கம்ப்ளீஷன் சர்டிபிகேட் கைக்கு வந்த பிறகே கொடுப்பேன் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எங்கள் ஆறாவது கதவு ஒரு வாரத்தில் சரியானதற்கு அந்த ஐந்து சதவீதம்தான் காரணம், பில்டரின் நல்ல மனசு அல்ல.

கவுன்சில் டாக்ஸ் ஏறுமா?

நீங்கள் அங்கே இருக்கும் வரை இந்த அறைக்காக ஏறாது. வீட்டை விற்கும்போதுதான் புதிய உரிமையாளருக்கு மறுமதிப்பீடு வரலாம். வீட்டுக் காப்பீட்டுக்காரருக்கும் மார்ட்கேஜ் வங்கிக்கும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சாரம் நிற்கும்போது ஏதாவது ஆகி, சொல்லவில்லையே என்று காப்பீட்டில் கை விரித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நாங்கள் வாங்கிய வீட்டில் முந்தையவர் சர்டிபிகேட் இல்லாமல் லாஃப்ட் கட்டியிருக்கிறார். இப்போது என்ன செய்வது?

1985 நவம்பர் 11க்குப் பிறகு செய்த வேலை என்றால் கவுன்சிலிடம் ரெகுலரைசேஷன், அதாவது முடிந்த வேலைக்குப் பிந்தைய ஒப்புதல், கேட்கலாம், தனியார் இன்ஸ்பெக்டர்கள் இதைச் செய்ய முடியாது. கவுன்சில் ஆட்கள் வந்து, தரையில் இரண்டு பலகையைப் பெயர்க்கச் சொல்வார்கள், சுவரில் ஒரு துண்டு ஜிப்சம் பலகையை வெட்டிக் காட்டச் சொல்வார்கள். உள்ளே 8 அங்குலச் சட்டமும் இரும்பும் தெரிந்தால் கதவு, அலாரம் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் முடிந்துவிடும். பழைய 4 அங்குலச் சட்டத்தின் மேலேயே கார்ப்பெட் விரித்திருந்தால் அன்றைக்கே பிள்ளைகளின் கட்டிலைக் கீழே இறக்குங்கள், மற்றதை மெதுவாகப் பார்க்கலாம்.